சுவரில் பாடும் கிடார்

"என் வீட்டுக்காரர் போயிட்டாரா, இன்னும் வீட்டுலதான் இருக்காரான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார் அந்த அம்மாள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ஜெராக்ஸ் டீயை மடியில் கொட்டிக்கொண்டான். ஜெராக்ஸ் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. தெருமுனையில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பதால் ஊர் வைத்தது. அண்ணியைத் தேடி யாராவது வெளுத்த முகத்தோடு வந்தால் போதும், 'இதோ வருகிறேன்' என்ற அட்டையைக் கடைக் கதவில் தொங்கவிட்டு ஓடி வந்துவிடுவான். அந்த 'இதோ' சில சமயம் ஒரு வாரம்கூட நீளும். அண்ணி, அதாவது அவன் அண்ணனின் மனைவி, இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். எரிந்த மேஜையை முகர்ந்தே யார் கொளுத்தியது என்று சொல்லிவிடுவார் என்பது ஜெராக்ஸ் ஊரெல்லாம் அடித்துவிடும் கதை. முகர்வதெல்லாம் இல்லை. பொறுமையாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

"பதறாம முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

அந்த அம்மாளின் கணவர் ஸ்டீல் கிடார் கலைஞர். அவருடைய கிடார் மரத்தால் ஆனதல்ல. உடம்பு முழுக்க உலோகம். கடல் கடந்து வந்த பழைய காலத்துச் சாமான். மற்றவர்களைப்போல் அதை மார்போடு அணைத்து வாசிக்க மாட்டார். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தந்திகளின் மேல் ஓர் எஃகுத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பார். போன வருடம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது தந்திகளைத் தளர்த்திவிட்டு, "வந்து ஏத்திக்கிறேன்" என்று சொல்லிப் போனார். வரவில்லை. மனைவி கிடாரை அப்படியே ஹால் சுவரில் மாட்டிவிட்டார்.

"அவர் போய் வருஷம் ஆனப்போ சிநேகிதங்க எல்லாம் எங்க ஹால்ல கூடினாங்க. ஒரு திரையைக் கட்டி, பின்னாடி மூணு கிடார் வெச்சாங்க. அவரோட பழசு ஒண்ணு. அதே மாடலை இப்ப புதுசா செஞ்சு கப்பல்ல அனுப்புறாங்களே, ரீஇஷ்யூ, அது ஒண்ணு. கையாலயே செஞ்சது ஒண்ணு. எது எதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லணும். என் கொழுந்தன்தான் திரைக்குப் பின்னாடி உக்காந்து மூணையும் வாசிச்சான். ஒருத்தராலயும் சரியா சொல்ல முடியல. எல்லாரும் போனதும் நானே தந்தியை எல்லாம் அவர் விட்ட மாதிரி தளர்த்தி, திரும்ப மாட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு வாரம் இருக்கும். லைட் போடப் போற நேரம். வீட்டுல நான் ஒருத்திதான். கிடார் பாடுச்சு." அந்த அம்மாள் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "யாரும் தொடல. தானா பாடுச்சு. அன்னிலேர்ந்து தினமும் பாடுது."

ஜெராக்ஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தான், சுவர்தான் இருந்தது.

"எங்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க? அதை நிறுத்தணுமா?" என்று கேட்டார் அண்ணி.

"ஐயோ, நிறுத்தவா? என் பொண்ணு என்னைத் தன்கூட வரச் சொல்லிக் கூப்பிடுறா. ஞாயித்துக்கிழமை வர்றா. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடணுமாம். அப்பா தினம் வர்றப்போ நான் எப்படிப் போறதுன்னு கேட்டேன். எனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு அழறா. அது அவர்தான்னா நான் நகர மாட்டேன். இல்லைன்னா கிளம்பிடுறேன். எனக்கு அது தெரியணும்."

அந்த ஒரு வாரத்தில் கிடாரின் பக்கம் வந்தவர்கள் யார் என்று அண்ணி கேட்டார். மூன்றே பேர். ரீஇஷ்யூ கிடார்களை இறக்குமதி செய்து விற்கும் கடைக்காரர் சின்ன காமிராப் பையோடு வந்து படம் எடுத்துப் போனார். கையால் கிடார் செய்யும் பட்டறைக்காரர் காகிதச் சுருளோடு வந்து அளவெடுத்துப் போனார். கொழுந்தன் எப்போதும் வருகிறவர். "காய்கறி வாங்கிப் போட்டுட்டு கிடார் கிளாசுக்கு ஓடுவான். தோள்ல பை, கால்ல சக்கரம்" என்றார் அந்த அம்மாள். அப்போதுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலமே அந்த அம்மாளோடு அண்ணியும் ஜெராக்ஸும் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்குமாடிக் கட்டிடத்தின் தரைத்தள வீடு அது. சுவரில் கிடார் தொங்கியது. அதன் உலோக வயிற்றில் அறை முழுவதும் வளைந்து தெரிந்தது. ஜெராக்ஸின் முகமும் அதில் நீண்டு, வேறு யாருடைய முகமோ மாதிரி இருந்தது. அவன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. காலடியில் எங்கோ மெல்ல ஓர் உறுமல் கேட்டது. தெருவில் லாரி போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது கிடார் பாடத் தொடங்கியது.

வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போன்ற சத்தம். முதலில் ஒரு தந்தி, பிறகு அதனோடு இன்னொன்று சேர்ந்தது. தந்திகள் அதிர்வது கண்ணுக்கே தெரிந்தது. அவற்றின் அருகில் ஒரு கையும் இல்லை. ஜெராக்ஸ் நாற்காலியை இன்னும் பின்னுக்கு இழுத்தான். அவன் பயத்தோடு அந்த அம்மாளைப் பார்த்தான். அவர் முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அதுதான் அவனுக்குப் பாட்டைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"வந்துட்டார்" என்றார் அந்த அம்மாள் மெதுவாக.

அண்ணி எழுந்து போய்த் தந்திகளின் மேல் கையை வைத்தார். சத்தம் நின்றது. கையை எடுத்தார். மறுபடி முனகல் எழுந்தது. தலைப்பக்கத்தில் தந்தி முறுக்கும் சாவிகளில் ஒன்றைப் பிடித்து ஒரு தந்தியைக் கொஞ்சம் தளர்த்தினார். அந்தத் தந்தி மட்டும் ஊமையாயிற்று; மற்றவை பாடிக்கொண்டே இருந்தன. சற்று நேரத்தில் அவையும் தாமாக ஓய்ந்தன.

அண்ணி கிடாரை இறக்கி மேஜையில் படுக்கவைத்தார். கிடாரின் வயிற்றில் பதித்திருந்த வட்ட மூடியின் திருகாணிகளை விரலால் தடவினார். எல்லாம் பிளஸ் தலை. "ஜெராக்ஸ், உன் கண்ணுக்கு என்ன படுது?"

"நல்லாவே பழசு அண்ணி. மேல் விளிம்புல முழங்கை பட்டுப் பட்டுப் பளபளப்பே போயிருக்கு. தந்திக்குக் கீழ இருக்கிற குறுக்குக் கம்பியில எல்லாம் பள்ளம் விழுந்திருக்கு பாருங்க."

"சரி. ஒரு தந்தியை அழுத்தி அந்தப் பள்ளத்தைத் தொட வை."

ஜெராக்ஸ் அழுத்தினான். தலைப்பக்கம் தந்திகளுக்கு அடியில் செருகியிருந்த வேறோர் எஃகுத் துண்டு தந்திகளை அத்தனை உயரத்தில் தூக்கி நிறுத்தியிருந்தது. விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம். "எட்டல அண்ணி."

"எட்டாது" என்றார் அண்ணி. வெளியே போய்க் காவலாளியிடம் என்னவோ பேசிவிட்டு வந்தார். மறுநாள் சாயங்காலம் அந்த மூன்று பேரையும் வரச்சொல்லும்படி அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டார்.

வழியெல்லாம் ஜெராக்ஸ் நச்சரித்தான். "ஒருவேளை கிடாரை மாத்திட்டாங்கன்னா கடைக்காரர்தானே அண்ணி? ரீஇஷ்யூ அவர்கிட்டதானே இருக்கு?" அண்ணி பதிலுக்கு அவனுக்கு ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

மறுநாள் வந்தவர்களில் இரண்டு பேர் வந்ததுமே முட்டிக்கொண்டார்கள். "எங்க ரீஇஷ்யூவுல என்ன குறை? மிஷின்ல வெட்டின தகடு, மயிரிழை பிசகாது" என்றார் கடைக்காரர். "பிசகாதுதான். பத்து கிடார் எடுத்தா பத்தும் ஒரே மாதிரி இருமும்" என்றார் பட்டறைக்காரர். கொழுந்தன் கடைசியாக, கிளாஸ் முடிந்து மூச்சு வாங்க வந்தார். தோளில் இருந்த பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று அந்த அம்மாளைக் கேட்டார். தான் தினமும் சொல்லும் 'அண்ணி'யை வேறொருவர் வாயில் கேட்டதும் ஜெராக்ஸுக்கு என்னவோபோல் இருந்தது.

"முதல்ல பேயைப் பார்த்துடலாம்" என்றார் அண்ணி. ஜன்னலைத் திறந்து வெளியே நின்ற காவலாளிக்குக் கையசைத்தார். காலடியில் உறுமல் எழுந்தது, கிடார் பாடியது. மறுபடி கையசைத்தார். உறுமல் நின்றது, கிடாரும் ஓய்ந்தது. "இந்தச் சுவருக்கு நேர் கீழே தண்ணி ஏத்துற மோட்டார் இருக்கு. அது போடுற சத்தமும் ஒரு தந்தியோட சுருதியும் ஒண்ணா இருந்தா, அந்தத் தந்தி தானா அதிரும். காவலாளி தினமும் லைட் போடுற நேரத்துலதான் மோட்டார் போடுவாராம்."

அந்த அம்மாளின் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கிப்போயிற்று. அண்ணி தொடர்ந்தார்.

"ஆனா இந்த மோட்டார் ரொம்ப நாளா ஓடுது. கிடாரும் ஒரு வருஷமா இதே சுவர்லதான் தொங்குது. அப்பல்லாம் பாடல. ஏன்னா தந்தி தளர்ந்திருந்தது. கூட்டம் முடிஞ்சதும் இந்த அம்மா மறுபடி தளர்த்தினாங்க. அப்படின்னா அதுக்கப்புறம் யாரோ வந்து சுருதி ஏத்தியிருக்காங்க. யாரு ஏத்துவாங்க? எதுக்கு ஏத்துவாங்க?"

"விளையாட்டுக்கு யாராவது..." என்று இழுத்தார் கடைக்காரர்.

"இது பழைய கிடாரே இல்ல. ஐயா, நீங்க சொல்லுங்க" என்று பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார் அண்ணி.

பட்டறைக்காரர் கிடாரைக் கையில் வாங்கினார். திருகாணிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "பழசுல ஒத்தைக் கீறல் தலைதான் இருக்கும். நான் அளவெடுத்தப்போ இருந்தது இது இல்லம்மா. இது ரீஇஷ்யூ!"

"நான் சத்தியமா இல்ல!" கடைக்காரர் குதித்து எழுந்தார். "எங்கிட்ட இருக்கிறது எல்லாம் பெட்டி பிரிக்காதது. இது வருஷக்கணக்கா வாசிச்சது. தேய்மானத்தைப் பாருங்க."

"அதைத்தான் நானும் பார்த்தேன். இந்தத் தேய்மானம் நிஜம், யாரும் ராவி உண்டாக்கினது இல்ல. ஆனா மடியில வெச்சு வாசிக்கிறவர் கிடார்ல தந்தி உயரத்துல நிக்கும், குறுக்குக் கம்பியைத் தொடவே தொடாது. இதுல தந்தி உயரமாவும் இருக்கு, கம்பியில பள்ளமும் இருக்கு. மேல் விளிம்புல முழங்கை தேய்ச்ச இடமும் இருக்கு. அப்படின்னா மார்போட அணைச்சு, விரலால அழுத்தி வாசிக்கிற ஒருத்தரோட சொந்தக் கிடார் இது. வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு, தந்தியை உயர்த்துற அந்தத் துண்டை மட்டும் பழைய கிடார்லேர்ந்து எடுத்து இதுல செருகியிருக்கார். துண்டைச் செருகணும்னா தந்தியைத் தளர்த்தணும். செருகி முடிச்சதும் கை சும்மா இருக்குமா? அவருக்கே தெரியாம கை சுருதி சேர்த்துடுச்சு. காலமெல்லாம் கிடார் பிடிச்ச கை. சுருதி சேராத கிடாரை மாட்டிட்டுப் போக அதுக்கு வராது."

ஜெராக்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் காமிராப் பையோடு வந்தார், ஒருவர் காகிதச் சுருளோடு வந்தார். ஒரு கிடாரை உள்ளே கொண்டுவந்து இன்னொன்றை வெளியே கொண்டுபோக, தினமும் கிடாரோடு வந்து கிடாரோடு போகிற ஆளால்தான் முடியும். அவன் கண்கள் சுவரோரம் சாய்ந்திருந்த பைக்குப் போயின.

"தம்பி, பையைத் திறங்க" என்றார் அண்ணி.

கொழுந்தன் மறுக்கவில்லை. மண்டியிட்டு ஜிப்பை இழுத்தார். உள்ளே, ஒற்றைக் கீறல் திருகாணிகளோடு, பள்ளமே விழாத குறுக்குக் கம்பிகளோடு, பழைய கிடார் இருந்தது. அவர் தன் அண்ணியை மட்டுமே பார்த்துப் பேசினார்.

"விக்க எடுக்கல அண்ணி. அண்ணன் உயிரோட இருந்த வரைக்கும் அதைத் தொட விட்டதில்ல. அவர் கையில வர்ற சத்தம் அந்தக் கிடாரோட சத்தம்னு நெனச்சுக்கிட்டே வாழ்ந்துட்டேன். அது எங்கிட்ட இருந்தா நானும் அப்படி வாசிப்பேன்னு நெனப்பு. அன்னிக்குத் திரைக்குப் பின்னாடி அதையும் என்னோட ரீஇஷ்யூவையும் மாத்தி மாத்தி வாசிச்சேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. எனக்கே தெரியல. கூட்டத்துல பதட்டம், அதனாலதான்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். தனியா வாசிச்சுப் பார்க்கணும்னு எடுத்துட்டுப் போனேன்." கிடாரைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தார். "தினமும் வாசிக்கிறேன். நான்தான் வர்றேன் அண்ணி. அண்ணன் வரவே இல்ல."

கடைக்காரரும் பட்டறைக்காரரும் தரையைப் பார்த்தார்கள். ஜெராக்ஸ் வெட்கமில்லாமல் அழுதான். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவனுக்குக் கொஞ்சமும் வரவில்லை.

அந்த அம்மாள் எழுந்து வந்து கொழுந்தனின் தலையில் கையை வைத்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. திருடுவியா? நாளைக்கு வந்து இதே சுவர்ல மாட்டு. அப்புறம் நானே எடுத்து உன் கையில குடுக்கிறேன். குடுக்கிறதா இருந்தா நான்தான் குடுக்கணும்."

அண்ணியின் பக்கம் திரும்பினார். "எனக்கு முதல் நாளே சந்தேகம்தாங்க. அவர் வாசிக்க உக்காந்தா ஒரு சுரத்துல நிக்க மாட்டார், மேல கீழ அலைஞ்சுக்கிட்டே இருப்பார். இது ஒரே சுரத்துல நின்னு முனகிக்கிட்டிருந்துச்சு. அவர் இல்லைன்னு உள்ளுக்குள்ள தெரியும். தெரிஞ்சும் உக்காந்து கேட்டேன். யாரோ இருக்காங்கன்னு இருந்துச்சு."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மகள் எடுக்கும் வரை காத்திருந்தார்.

"நான் வர்றேன்மா" என்றார். "இங்க யாரும் இல்ல."