ஆடாமல் இருந்தவன்

அன்றைக்கு றெஜி படியேறி வந்தபோது அவனுக்கு மூச்சு இளைக்கவில்லை.

இத்தாலியில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவின் அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்டும் இல்லை, படியில் வெளிச்சமும் இல்லை. தொய்வு வருத்தக்காரன் றெஜி ஏறி வரும்போது, இரண்டாம் மாடியிலேயே அவன் நெஞ்சு விசிலடிப்பது மேல்மாடியில் இருக்கும் அமலினிக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அவள் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைப்பாள். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. கதவு தட்டப்பட்டது, திறந்தாள், புருசன் நின்றான். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. உடுப்பிலிருந்து கடற்பாசி மணம் மட்டும் குப்பென்று அடித்தது.

"எங்கையப்பா இவ்வளவு நேரமும்?"

"வேலை முடிய ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை நிண்டனான். வானம் சிவந்து கிடக்குது, அமலி. வடதுருவ வெளிச்சமாம். கிறிகோரி அண்ணையின்ரை கமெராவிலை படம் எடுத்தனான்."

பலேர்மோவில் வடதுருவ வெளிச்சம்! புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அதெல்லாம் நோர்வேக்கு மீன் வெட்டப் போன சனம் சொல்லுகிற கதை. சூரியனில் பெரிய கொந்தளிப்பு என்று தான் வேலைக்குப் போகிற சின்யோரா வீட்டு டீவியில் அவளும் கேட்டாள்தான். அதைப் பிடித்துக்கொண்டு இவன் கதை கட்டுகிறான். யாரோ காரில் கொண்டுவந்து இறக்கியிருக்கினம். கீழே நின்று ஆறிப்போட்டுப் பூனை மாதிரி ஏறியிருக்கிறான். யாரோ என்ன யாரோ! அவன் கோப்பை கழுவுகிற மீன் சாப்பாட்டுக்கடையில் காசு வாங்குகிற எமிலியானாதான், வேறு யார்?

இரவு அவன் குறட்டையும் விடவில்லை. கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். கீழே ஒரு மோட்டார் சைக்கிள் போய் ஓய்ந்தது, குழாய் சொட்டியது, பக்கத்து வீட்டுக் குழந்தை சிணுங்கி அடங்கியது. அவன் பக்கமிருந்து ஒரு இம்மி சத்தம் வரவில்லை. முழிச்சிருந்து அவளை நினைக்கிறான் பாவி என்று அமலினி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு மனுசன்தான். அவன் இன்னும் தன்னுடையவனா என்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

அடுத்தநாள் பின்னேரம், "நானும் வாறன்," என்று வெளிக்கிட்டாள்.

கிறிகோரி அண்ணை இருட்டுப்பட இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கோயிலில் நடக்கிற எங்கடை சனத்தின் கலியாணங்களுக்கெல்லாம் படம் எடுப்பவர் அவர்தான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறங்கினால், அட, உண்மை! வடக்கே கடலுக்கு மேலே, அடுப்புத் தணல் போல, ஒரு மங்கல் சிவப்பு மெல்ல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அமலினிக்கு வெட்கமும் சந்தோசமும் பொங்கிவந்தன. கல்லில் றெஜிக்குப் பக்கத்தில் ஒட்டி இருந்து அவன் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. அந்தக் கடற்காற்றில் யாருக்குத்தான் குளிராது?

கிறிகோரி அண்ணை கமெராவை முக்காலியில் பூட்டினார். "கமெராக் கண்ணைக் கனநேரம் திறந்து வைக்கப்போறன். ஆடாமல் இருங்கோ. ஆடினால் புகை மாதிரித்தான் விழுவீங்கள்."

அவள் தன்னால் ஆன மட்டும் இறுகி இருந்தாள்.

கழுவின படம் ஒரு கிழமைக்குப் பிறகு வந்தது. மத்தியானம் பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவளிடம் கிறிகோரி அண்ணை நீட்டினார்.

"நீர்தான் ஆடிப்போட்டீர், தங்கச்சி. மூச்சு விட்டாலே அசையும், அசையாமல் இருக்க ஒருத்தராலும் ஏலாது. ஆனால் றெஜியைப் பாரும்! இத்தனை கலியாணம் எடுத்தும் இப்பிடி ஒரு ஆளை நான் காணேல்லை."

அமலினி பார்த்தாள். வானம் இரத்தச் சிவப்பு. அலைகள் பஞ்சாகிக் கிடந்தன. அவளே ஒரு புகைமூட்டம். காற்றில் பறந்த கூந்தல் கலங்கி, மூக்கும் வாயும் அழிந்து. பக்கத்தில் றெஜி. சட்டைப் பொத்தான் தெரிந்தது. பொத்தானின் நூல் தெரிந்தது. அந்தக் காற்றிலும் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு ஓடினாள். படியேறி முடிக்க அவளுக்கே மூச்சு வாங்கியது. றெஜி உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தான். அவள் குசினி யன்னலைத் திறந்து வெயிலில் படத்தைப் பிடித்தாள்.

இளைக்காமல் ஏறின படி. வராத குறட்டை. சில்லிட்ட கை.

மடு மாதாவே.

கடற்பாசி மணம் குப்பென்று அடித்தது.

திரும்பினாள். அவன் பின்னால் நின்றான். எப்போது எழும்பினான்? எப்படி வந்தான்?

அவன் படத்தைப் பார்த்தான். அதில் கலங்கிக் கிடந்த அவளுடைய நெஞ்சில் விரலை வைத்தான். பிறகு நிமிர்ந்து, ஏறி இறங்கிக்கொண்டிருந்த அவள் நெஞ்சைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான்.

அவன் சட்டை மெல்ல உயர்ந்தது.

தாழ்ந்தது.

அவளுடையது உயர, உயர்ந்தது. அவளுடையது தாழ, தாழ்ந்தது.

அமலினி மூச்சை அடக்கினாள்.

அவனுடையதும் நின்றது. அவள் நெஞ்சை விட்டுக் கண்ணெடுக்காமல், அவன் காத்துக்கொண்டு நின்றான்.