திருப்பி வைத்துப் பாருங்கள்

"மேடம், நீங்க வார்ப்பை உக்கார வெச்சதே தப்பு!"

கேதகி நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்து நின்றான் அவன். இமையில் நீர் சொட்ட, அப்படி ஒரு கண்... அவள் ஒரு கணம் தடுமாறினாள். அந்தத் தடுமாற்றமே கோபமாக வந்தது.

ஷிரோலி தொழிற்பேட்டையில் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு வரும் இரும்பு வார்ப்புகளை அளந்து, தேறும் தேறாது என்று சொல்வது அவள் வேலை. அவற்றில் துளை போட்டு அனுப்பும் பட்டறையின் ஆள் இந்த சங்ராம்.

"அஞ்சு வருஷமா அளக்கறேன். எனக்கே பாடமா?"

"ஐயோ, பாடம் எடுக்க நான் யாரு? அடியில இருக்கிற மூணு மேடுதான் டிராயிங்ல முதல் டேட்டம், அளவெல்லாம் அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. அதுல நிக்க வெச்சுத்தான் துளை போட்டேன். அதுல நிக்க வெச்சே அளக்கணும். ஒரே ஒரு தடவை... திருப்பி வெச்சுப் பாருங்க."

"துளை தள்ளியிருக்கு. அவ்வளவுதான்."

சிவப்புச் சீட்டை ஒட்டினாள். மாதிரிக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டாள்; மற்ற இருநூறு வார்ப்பும் திரும்பிப் போயின. அவன் கண்கள் மட்டும் போகவில்லை...

ஆறாம் நாள் சரக்கோடு வந்தது வேறு ஆள்.

"சங்ராமா? அன்னிக்கே முதலாளி துரத்திட்டாரு. சாயங்காலம் நாசிக் பஸ் ஏறுறான்."

அன்று வைத்துக்கொண்ட வார்ப்பு அலமாரியில் இருந்தது. வழவழவென்று சீவிய பக்கம் லட்சணமாகத் தெரிந்ததால், அன்று அதையே கீழே வைத்து அளந்திருந்தாள். இப்போது கரடுமுரடான மேடுகளின் மேல் நிறுத்தினாள். துளை இம்மியும் பிசகவில்லை. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

தன் தப்பை எழுதிக் கொடுத்து, பட்டறை முதலாளிக்கும் போன் செய்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு மழையில் ஓடினாள். ஜன்னலோரம் அவன்.

"என் தப்புதான்... எழுதிக் கொடுத்துட்டேன். உங்க முதலாளி திரும்பக் கூப்பிடறாரு. இறங்குங்க!"

"இருநூறையும் உருக்கிட்டாங்க மேடம். 'கை சரியில்லாதவன்'னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்."

"எனக்கு அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. உங்க முன்னாடி தோத்துப்போக மனசு வரல. ஏன்னா... பார்த்ததுமே உங்களைப் பிடிச்சுப்போச்சு."

நடத்துனர் மணி அடித்தார். சங்ராம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"வேற யாரா இருந்தாலும் உங்க பெரிய ஆபீஸ் வரைக்கும் போய் சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். உங்க வேலை போயிடுமேன்னுதான்... வாயை மூடிக்கிட்டேன், கேதகி."

பஸ் நகர்ந்தது.