ஆறாவது சுற்றில் அணையும் கார்

புசானி கையில் இரும்புக் குழாயோடுதான் பட்டறைக்குள் நுழைந்தான். மாகுமெதே அம்மாள் அப்போதுதான் காலைத் தேநீரை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் புலவாயோ பந்தயப் பாதையில் எந்தக் காரும் இறங்க முடியாது. அதனால் கார் படுத்தாலும் சரி, ஆட்கள் அடித்துக்கொண்டாலும் சரி, விவகாரம் அவரிடம்தான் வரும்.

"அம்மா, ஷாத்ரெக் எப்படிச் செஞ்சான்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை இது பாத்துக்கும்" என்று குழாயை மேசைமேல் வைத்தான்.

"மொதல்ல அதைக் கீழ வை. என் ரொட்டிமேல துரு விழுது."

புசானிக்கு மூன்று பந்தயங்களாக ஒரே அவமானம். ஆறாவது சுற்றில் கார் இருமும், குலுங்கும், பார்வையாளர் மேடைக்கு நேர் எதிரே நின்றுவிடும். கட்டியிழுத்து வந்து சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காததுபோல உறுமும். பம்ப் புதிது, ஃபில்டர் புதிது, கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவியாகிவிட்டது. ஷாத்ரெக் அவனிடம் மெக்கானிக்காக இருந்தவன். முதல் தோல்விக்கு முந்தின வாரம்தான் அவனைத் துரத்தியிருந்தான்.

"'நீ எப்படி ஜெயிக்கிறேன்னு பாக்கறேன்'னு சொல்லிட்டுப் போனான்மா. அந்த வாரம் அண்ணிக்குத் துக்கம் முடிஞ்சு கறுப்புத் துணி கழட்டற சடங்கு வேற, கைக்கு ஆளில்லாம நான் பட்ட பாடு! அவன் பத்து விரலையும் உடைக்கல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

"கார் யார்கிட்ட வாங்கினது?"

"வாங்கல. எங்கண்ணன் மெஹ்லுலி கையால கட்டினது. போன வருஷம் அவன் போய்ச் சேந்தான், நான் எடுத்துக்கிட்டேன். அப்புறந்தான் ஷாத்ரெக்கைச் சேத்தேன்."

"கார் நின்னதும் நீ மொதல்ல என்ன பண்ணுவே?"

"டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன். குழாய் விட்டு உறிஞ்சறவன் நம்மூர்ல கொறைச்சலா? மூடிச் சாவி என் கழுத்துலதான் கெடக்கும்."

மாகுமெதே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நாளைக்குப் பயிற்சியில ஓட்டு. நின்னா, அந்த மூடியை நீ தொடக்கூடாது."

அவருடைய அக்காள் மகன் லுங்கிசானி வேன் ஓட்டுபவன். துப்புத் துலக்கும் வேலை என்றால் பயணிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடிவருவான். "பம்ப் சூடாகி நிக்குது சித்தி, பந்தயமே கட்டறேன்" என்றான்.

"சூடான பம்ப் ஆற அரைமணியாவது வேணும்டா. இது இழுத்துட்டு வர்ற அஞ்சு நிமிஷத்துல சரியாகுதே."

வெள்ளிக்கிழமை, சொல்லிவைத்ததுபோல் ஆறாவது சுற்றில் கார் நின்றது. புசானி பழக்க தோஷத்தில் டேங்கை நோக்கி ஓடினான். மாகுமெதே அவன் கழுத்துச் சாவியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து முடுக்கச் சொன்னார். கிளம்பவில்லை. பத்து நிமிடம் கழித்தும் கிளம்பவில்லை. பிறகு அவரே மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் கார் உறுமியது.

"பெட்ரோல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலைன்னா பம்ப் என்ன இழுத்தாலும் பெட்ரோல் வராது. டேங்குக்குக் காத்து போற குழாய் அடைச்சிருக்கு. நீயோ ஒவ்வொரு தடவையும் திருடனைத் தேடி மூடியைத் திறந்து, தடயத்தை நீயே அழிச்சிருக்கே."

அந்தக் காற்றுக்குழாயின் வாய் டேங்குக்கு அடியில் இல்லை. லுங்கிசானி மல்லாந்து கிடந்து அரைமணி தேடினான். மெஹ்லுலி அதைப் பின்பெட்டிக்குள் ஏற்றி, நம்பர் பலகைக்குப் பின்னால் கொண்டுபோய் முடித்திருந்தான். வாயில் சாம்பல் நிற மண் இறுகிக் கிடந்தது.

"குளவி!" என்று கத்தினான் லுங்கிசானி. எங்கள் ஊரில் எந்தக் குழாயையும் ஒரு வாரம் திறந்து வைத்தால் குளவி வீடு கட்டிவிடும். பழிவாங்க ஆள் இல்லையே என்று புசானியின் முகம் தொங்கிப்போனது.

மாகுமெதே மண்ணை நகத்தால் உடைத்தார். "குளவின்னா குஞ்சுக்குத் தீனியா உள்ள சிலந்தியை அடைச்சு வச்சிருக்கும். இதுல ஒரு சிலந்திக் கால்கூட இல்ல. அடுப்புச் சாம்பல் இருக்கு. இது மனுஷக் கை."

சனிக்கிழமை மகோகோபா பேட்டையில், புசானியின் வீட்டு முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார். கார் நிற்பது அங்கேதான். ஷாத்ரெக் ஓடத் தோதாகப் படலை ஒட்டி நின்றான். மெஹ்லுலியின் மனைவி நோமாகுகு, புதிதாய்ப் பூசிய மண்ணடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்தது அந்த வீட்டின் பின்னறை மட்டும்தான்.

"ஷாத்ரெக், இந்தக் கார்ல டேங்க் காத்துக்குழாய் எங்க முடியுது?"

"எல்லாக் காரும் போல டேங்குக்கு அடியிலதான்மா."

"பொய்யி!" என்று பாய்ந்த புசானியை லுங்கிசானி இழுத்துப் பிடித்தான்.

"பொய்யாவே இருக்கட்டும்" என்றார் மாகுமெதே. "ஆனா மெக்கானிக் ஒரு துண்டு ரப்பர்ல வேலையை முடிப்பான். மண்ணுல சாம்பல் கலந்து பெசையறது அடுப்புப் பூசற கை. குழாயை மாத்தினவன் மெஹ்லுலி. அன்னிக்கு அவனுக்கு விளக்குப் பிடிச்சவங்களுக்குத்தான் அதோட வாய் எங்கன்னு தெரியும். புசானி, அந்த வாரம் உன் கையால அவமானப்பட்டது ஷாத்ரெக் ஒருத்தன்தானா?"

எல்லோர் கண்களும் அடுப்புப் பக்கம் திரும்பின. அடுப்பின் பூச்சும் அதே சாம்பல் நிறம்.

நோமாகுகு கிண்டுவதை நிறுத்தவில்லை. "நான்தான். ஒரு வருஷம் கறுப்புத் துணியில உக்காந்திருந்தேன். அதைக் கழட்டின அன்னிக்கு, எம்புருஷன் காரைக் குடுன்னு கேட்டேன். 'உனக்கெதுக்குக் கார், தொடைப்பத்தைப் புடி'ன்னு இவன் சிரிச்சான். சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும். அதான் நானும் எல்லார் முன்னாடியும் நிறுத்தினேன்."

இதைப் பின்னால் ஊரார் சொல்லிக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மறைத்து என்ன பயன்?

புசானி இரும்புக் குழாயைத் தூக்கினான். ஷாத்ரெக்தான் குறுக்கே வந்து அதைப் பிடுங்கினான்.

மாகுமெதே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பந்தயக் கழகப் பதிவுல கார் இன்னும் மெஹ்லுலி பேர்லதான் இருக்கு. ஒரு வருஷமா இதைப் பாக்காம விட்டது என் தப்பு. அவனுக்கப்புறம் இவளுக்குத்தான் கார். இவ கையெழுத்து இல்லாம நாளைக்கு அது இறங்காது. புருஷன் செத்தவகிட்ட இருந்து சொத்தைப் புடுங்கினா நம்ம சட்டத்துல ஜெயில். புகார் எழுதட்டுமா, நோமாகுகு?"

"அண்ணி..." புசானி அடுப்பருகே போய்க் குந்தினான். "நாளைக்கு இறுதிப் பந்தயம் அண்ணி."

நோமாகுகு கரண்டியை உதறி வைத்தாள். "ஜெயில் வேணாம்மா. அங்க இவனை யாரு பாக்கப் போறா? ஷாத்ரெக் அண்ணன் ஓட்டட்டும். இவன் வந்து எங்காரைத் தள்ளிக்கிட்டுப்போய் வரிசையில நிறுத்தணும். கடைசிச் சுற்று வரைக்கும் எம்பக்கத்துலயே நிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மேடை நிரம்பி வழிந்தது. புசானி குனிந்து காரைத் தள்ளிக்கொண்டு போனபோது முதலில் ஒரு விசில், பிறகு ஊரே விசில். ஆறாவது சுற்றில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கார் மேடையைத் தாண்டிச் சீறிப் போனது. ஏழு, எட்டு, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. இருபது சுற்று ஓடிய அந்தப் பந்தயம் முழுவதிலும் நோமாகுகு ஒரு முறைகூடக் காரைப் பார்க்கவில்லை. புசானியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.