பிழை பூஜ்யம்

மணலில் அடித்திருந்த நான்காவது மரமுளையில் தங்கை அளவுகோலைப் பிடித்து நின்றபோது லென்ஸில் ஒரு கறை தெரிந்தது. அக்கா கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தாள். கறை போகவில்லை. வாயால் ஊதி, இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். அது அப்படியே இருந்தது, சரியாகத் தங்கையின் காலுக்கு மேலே.

காலுக்கு மேலே என்றால் உண்மையில் காலுக்குக் கீழே. உயரம் அளக்கும் அந்த லெவல் கருவி பழையது. அதற்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். மணல் மேலே, வானம் கீழே, நடுவில் தங்கை தொப்பியும் கோலுமாக வௌவால்போலத் தொங்குவாள். புதுக் கருவி பழுதுபார்க்கப் போய் மூன்று மாதமாகிறது. "உலகத்தையே தலகீழாப் பாருங்க மேடம், அப்பவாவது நல்லாத் தெரியுதான்னு பாப்போம்" என்று சொல்லி ஸ்டோர்காரர் இதை எடுத்துக் கொடுத்தார். அவரே சிரித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிக்கும் நிலைமை இல்லை. இந்தக் கடற்கரையின் அளவைக் கணக்கு இரண்டு மாதமாகத் தப்பென்று திரும்பி வந்துகொண்டிருந்தது. நூறு மீட்டருக்கு ஒன்றாக மணலில் பன்னிரண்டு மரமுளைகள். முதல் முளையிலிருந்து அளந்துகொண்டே பன்னிரண்டுவரை போக வேண்டும். அங்கிருந்து அளந்துகொண்டே முதல் முளைக்குத் திரும்ப வேண்டும். போன கணக்கிலிருந்து வந்த கணக்கைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். இரண்டு மாதமும் பதினொரு சென்டிமீட்டர் வந்தது.

"கடல் தப்புப் பண்ணாதும்மா. நாமதான் பண்ணுவோம்" என்றார் எஞ்சினியர், எல்லோர் முன்னாலும். "இந்தத் தடவையும் சரியா வரலேன்னா நீ ஆபீஸ்லயே உக்காந்து ஃபைல் பாரு."

ஆபீஸ் என்றால் பதினெட்டு மேசைகள், பதினெட்டு பேரின் பேச்சு. அவளுக்கு மணலில்தான் மூச்சு விட முடிந்தது. இங்கே யாரோடும் பேச வேண்டாம், எண்கள் மட்டும் போதும். அந்த எண்களே இப்போது அவளைக் கைவிட்டுக்கொண்டிருந்தன.

கோல் பிடிக்கும் கோல்காரர் போன மாத அளவைக்கு மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. அதனால்தான் லீவுக்கு வந்திருந்த தங்கையை அழகான கடலோரச் சாலை என்று ஆசை காட்டி அழைத்து வந்திருந்தாள். சாலை அழகுதான். மலையை ஒட்டி வளைந்து வளைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கடலைக் காட்டி மறைத்துக்கொண்டு வரும். கடைசித் திருப்பத்தில் காட்சி மேடை ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஒரே கோடாக நீண்டு கிடக்கும் மணல். கார்களில் வருகிறவர்கள் இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். மணலில் இறங்கி நடந்த யாரையும் அவள் இதுவரை பார்த்ததில்லை. வெயில் காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"புரொபசர்! இன்னும் எத்தனை?" தங்கை கத்தினாள். வீட்டில் அவள் அக்காவைக் கூப்பிடுவதே அப்படித்தான்.

"எட்டு!"

"மொத்தமா எட்டா?"

"போறதுக்கு எட்டு. திரும்பி வர்றப்போ திரும்பவும் எல்லாம்!"

"பீச்சுன்னுதானே சொன்னே? காலை நனைக்கக்கூட விடமாட்டேங்கிறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா!"

தங்கை குதிகாலால் மணலைத் தட்டினாள். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு. காரிலும் வழியெல்லாம் அப்படித்தான் தட்டிக்கொண்டு வந்தாள். சின்ன வயதிலிருந்தே பொறுமை போனால் அந்தக் கால் பேசும்.

"ஆடாம நில்லு!" என்றாள் அக்கா.

ஐந்தாவது முளை, ஆறாவது முளை. வெயில் மணலிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை காற்று நின்றபோதெல்லாம் கனத்து, காற்று வந்தபோது மெலிந்தது. அலைகளின் சத்தம் இடதுபக்கம் தூரத்தில் ஒரே சீராக, யாரோ ஓயாமல் தாள் கிழிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. கறை தங்கையோடு கூடவே வந்தது. லென்ஸில் ஒட்டிய கறை என்றால் எங்கே பார்த்தாலும் தெரிய வேண்டும். இது தங்கை நிற்கும் இடத்தில் மட்டும் தெரிந்தது.

எட்டாவது முளையில் அதற்குக் கால்கள் இருந்தன.

அவள் கண்ணை எடுத்து வெறுமனே பார்த்தாள். மணல், தங்கை, கோல். வேறு எதுவும் இல்லை. மறுபடி கருவிக்குள் பார்த்தாள். தங்கை தலைகீழாகத் தொங்கினாள். அவள் பாதங்களின்மேல் பாதம் வைத்து இன்னொரு உருவம் நேராக நின்றது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சிரிப்புகூட வந்தது. பிம்பம். சூடான மணலுக்கு மேல் காற்றடுக்கு கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். காலடியில் தலைகீழ் பிம்பம் விழும். கானல். தலைகீழானதைக் கருவி இன்னொரு முறை கவிழ்த்தால் நேராகத்தான் தெரியும். கல்லூரியில் இதற்குப் படம் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

எண்ணைக் குறித்துக்கொண்டாள். அடுத்த முளைக்கு நடக்கும்போதுதான் பிம்பத்துக்குத் தொப்பி இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டாவது முளையைத் தொட்டுத் திரும்பியபோது மணி நாலரை. அங்கிருந்துதான் எண்கள் கோணத் தொடங்கின. பத்தாவது முளையில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். ஒன்பதில் மூன்று. எட்டில் ஐந்து. ஒரே இடம், ஒரே கருவி, இரண்டு மணி நேர இடைவெளி. அவள் பென்சிலைக் கடித்தாள். நாலு முறை கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே விடை வந்து நின்று அவளைப் பார்த்தது.

"கோலை அழுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்கே அழுத்தறேன்? தூக்கித்தான் பிடிச்சிருக்கேன். அதுவா இறங்குது, புரொபசர்." தங்கை களைத்திருந்தாள். "அந்தப் பக்கத்துல யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு."

"தமாஷ் பண்ணாதே."

"சத்தியமா. காலும் ஜில்லுனு இருக்கு. மேல இவ்வளவு சுடுது, அடியில ஐஸ் மாதிரி."

இரும்புத் தட்டு இருந்தால் கோல் இறங்காது. அது அவளுக்குத் தெரியும். மணலில் கோலை வெறுமனே ஊன்றக் கூடாது. அடியில் அந்தத் தட்டை வைத்து அதன்மேல் ஊன்ற வேண்டும். நாலு கிலோ கனம். தங்கை தூக்கமாட்டாள், தன்னிடமும் கருவியும் முக்காலியும் இருக்கின்றன, மணல் இறுகித்தானே இருக்கிறது என்று காரிலேயே வைத்துவிட்டாள். கோல்காரர் அப்படி விட்டதே இல்லை. போகப்போக, கோலை வெறும் மணலில் ஊன்றிவிட்டுத் தானே தட்டின்மேல் ஏறி நிற்க ஆரம்பித்தார். போன மாதம் அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "தட்டு கோலுக்கு, உங்க காலுக்கு இல்ல" என்று சொல்லி அவர் காலடியிலிருந்து உருவினாள். அன்று மாலை அவர் மணலிலிருந்து சாலைக்கு ஓடியே போனார். அறுபது வயதில் அப்படி ஓடிய ஒருவரை அவள் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் நான்காவது முளையில் பொறுமை போய், அவர் வீட்டுக்குப் போன் செய்தாள். மனைவி எடுத்தார்.

"அவரு பேச மாட்டாரும்மா. கட்டில்லயே உக்காந்திருக்காரு. தரையில காலே வைக்க மாட்டேங்கிறாரு. பாத்ரூமுக்குக்கூட நாற்காலி போட்டு, நாற்காலி மேல நடந்து போறாரு. டாக்டர் நரம்புங்கறாரு."

"கோல் ஏன் இறங்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா, அக்கா?"

அந்தப் பக்கம் முணுமுணுப்பு. பிறகு மனைவியின் குரல், சற்றுத் தாழ்ந்து:

"தட்டு போட்டிருக்கீங்களான்னு கேக்கறாரு."

"இல்ல. கார்ல இருக்கு."

"அப்போ யாரு நிக்கறாங்கன்னு கேக்கறாரு."

அவள் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது முளை. பிம்பம் மிகத் தெளிவாக இருந்தது. அதன் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. தங்கையின் கைகள் கோலைப் பிடித்திருந்தன.

வெயில் இறங்கிவிட்டது. மணல் ஆறிக்கொண்டிருந்தது. கானலுக்குச் சூடு வேண்டும். அப்படியானால் ஈர மணல், ஈரத்தில் விழும் பிம்பம் என்று நினைத்தாள். குனிந்து மணலை அள்ளிப் பார்த்தாள். பொடிப்பொடியாக விரல்களின் நடுவே ஒழுகிப் போயிற்று.

இரண்டாவது முளை. அது தலையைத் திருப்பியது. தங்கை திருப்பவில்லை.

"போலாமா?" தங்கை கத்தினாள். குரலில் விளையாட்டு இல்லை. "எனக்கு இங்க புடிக்கல. நிஜமாவே போலாம்."

காட்சி மேடைக்கு நேர்கீழே, அவளிடமிருந்து ஐம்பதடித் தூரத்தில் முதல் முளை. அதற்குப் பின்னால் சாலைக்கு ஏறும் படிகள். மேலே கார். இன்னும் ஒரே ஓர் எண். அதை விட்டுவிட்டுப் போனால் மூன்றாவது மாதமும் சிவப்பு மை. பதினெட்டு மேசைகள்.

"கடைசி ஒண்ணுதான். முதல் முளையில போய் நில்லு. ஒரே நிமிஷம்."

"அக்கா..."

"ஒரே நிமிஷம்டீ! ஆடாம நில்லு!"

தங்கை நின்றாள். குதிகால் தட்டவில்லை.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். பிழை பூஜ்யமாக இந்த முளையில் வர வேண்டியது ஒன்று புள்ளி நான்கு மூன்று எட்டு. கருவிக்குள் கண்ணை வைத்தாள். ஒன்று புள்ளி மூன்று இரண்டு ஏழு.

பதினொரு சென்டிமீட்டர். அதே பதினொன்று.

கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில்தான். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கோல் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக. மூன்று ஐந்து. மூன்று எட்டு. நான்கு பூஜ்யம். கோலின் அடிமுனை மணலுக்கு அப்பால் தெரிந்தது. இரண்டு கைகள் அதைப் பிடித்திருந்தன. இழுத்துக்கொண்டிருந்தன.

நான்கு இரண்டு.

"கால் வரலக்கா" என்று கேட்டது. மிகச் சின்னக் குரல்.

நான்கு மூன்று.

நான்கு மூன்று எட்டு.

நின்றது.

அவள் குனிந்து எழுதினாள். நான்கு எண்கள். பென்சில் முனை தாளில் பட்டு எடுக்கும் நேரம். கழித்தாள். பூஜ்யம்.

நிமிர்ந்தாள்.

தங்கை மணலில் நடந்து வந்துகொண்டிருந்தாள். கோல் தோளில் இருந்தது. தலையில் தொப்பி இல்லை.

"முடிஞ்சுதாக்கா?" என்றாள். அமைதியான குரல்.

தொப்பி விழுந்திருக்கும். காற்று. மணலெங்கும் தேடினாள். முளைக்கருகே இல்லை. எங்கேயும் இல்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கருவிக்குள் கண்ணை வைத்தாள்.

நடந்து வருவது தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நடந்தது. அதன் பாதங்களுக்கு மேல், பாதத்தோடு பாதம், அடிக்கு அடி, தொப்பி போட்ட தங்கை நேராக ஓடி வந்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. அலைகளின் சத்தம் மட்டும்.

உருவம் நெருங்க நெருங்க லென்ஸில் கலங்கி, வெறும் நிறமாயிற்று.

பக்கத்தில் வந்து நின்றது. தங்கையின் முகம். தங்கையின் வியர்வை வாடைகூட. கோலை முக்காலியில் சாய்த்தது. அவளுடைய நோட்டை எட்டிப் பார்த்தது.

"சரியா வந்துடுச்சே" என்றது. "கிளம்பலாமா, அக்கா?"

அது படியேறிப் போனது. அவள் நின்றுகொண்டிருந்தாள். மேலே காட்சி மேடையில் யாரோ ஒரு பெண் "எவ்வளவு அழகு பாருங்களேன்" என்றாள். கேமராக்கள் மின்னின.

உள்ளங்காலில் ஏதோ தட்டியது.

இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. ஒரு தட்டு.

அவள் மண்டியிட்டாள். இரண்டு கைகளாலும் தோண்டினாள். தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடியது. நகக்கண்ணில் ரத்தம். மறுபடி தோண்டினாள். கடைசியில் முடியாமல் இரண்டு உள்ளங்கைகளையும் மணலில் விரித்து வைத்தாள்.

தட்டுவது நின்றது.

அடியிலிருந்து, மெல்லிய மணல் படலத்துக்கு அப்பால், இரண்டு உள்ளங்கைகள் வந்து அவள் கைகளோடு பொருந்தின. ஜில்லென்று. விரலுக்கு விரல் சரியாக. அழுத்தின.

மேலே காரின் ஹாரன் நீளமாக ஒலித்தது.