ஓடைக்கரையில் நைனாவுக்குச் சோறு

“திதிச் சோத்தை வூட்டுலதான் படைக்கணும்,” என்றார் பெரியப்பா ரங்கையா.

“முடியாது,” என்றாள் வள்ளி.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்த வீட்டில் பெரியப்பாவை யாரும் எதிர்த்துப் பேசியதே இல்லை. வள்ளிக்குப் பத்து வயதுதான்.

வள்ளி ‘நைனா’ என்று கூப்பிடும் அப்பா கோவர்த்தனன் இறந்து அன்றோடு ஒரு வருஷம். பிச்சாட்டூர்ப் பக்கத்தில் அவரைப்போல உழைத்தவர் குறைவு. விடியும் முன்பே ஏர் பூட்டிவிடுவார். ஆனால் உழும்போது ஆள்காட்டிக் குருவியின் முட்டையைக் கண்டால், ஏரை ஒதுக்கி ஓட்டுவார். “குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் உழலாம்,” என்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், எல்லாரையும் மலையடி ஓடைக்குக் கூட்டிப் போய்விடுவார். மரத்தடியில் சாப்பாடு, தண்ணீரில் ஆட்டம்!

அவர் போன பிறகு அம்மா ஜெயம்மா வாசல் தாண்டவே இல்லை. யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். பேச்சும் குறைந்துவிட்டது.

“நைனா என்னிக்காவது உள்ள உக்காந்து ஆசையா துன்னாரா?” என்று கேட்டாள் வள்ளி. “நான் ஓடைக்கு எடுத்துக்கினு போறேன். அம்மாவும் வருவாங்க.”

“உங்கம்மாவா? ஊரு என்ன பேசும்?”

“ஊரு பேசிக்கினு இருக்கட்டும். நாங்க நடந்துக்கினு இருப்போம்.”

தம்பி சிட்டிபாபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா முறைத்ததும் இருமினான்.

வள்ளி சோற்றுக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கையை நீட்டினாள்.

“வாம்மா. கழுத்து வலிக்குது, சீக்கிரம்.”

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். சிட்டிபாபு இலைக்கட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

தெரு முழுவதும் அவர்களை வேடிக்கை பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வள்ளி பிடியை விடவில்லை.

ஓடைப் பாதையில் ஆட்கள் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரிக்கிற வேலை. மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார்.

“சர்வே ஜருகுதோந்தி. வெனக்கி வெள்ளண்டி!” என்று தெலுங்கில் திரும்பிப் போகச் சொன்னார்.

வள்ளி வாயைத் திறப்பதற்குள் அம்மா நிமிர்ந்தாள்.

“மா ஆயனகி அன்னம் பெட்டாலி. தாரி வதலண்டி!”

என் வீட்டுக்காரருக்குச் சோறு படைக்கணும், வழி விடுங்க! ஒரு வருஷமாகக் கேட்காத குரல். மேஸ்திரி சட்டென்று விலகினார்.

“கல்லை எங்க நட்டாலும் நாங்க இந்த வழியாத்தான் போவோம்,” என்று தமிழிலும் சொல்லிவிட்டு அம்மா முன்னால் நடந்தாள்.

ஓடைக்கரையில் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். அம்மா அழுதாள். அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கினாள். திடீரென்று ஒரு கை தண்ணீரை அள்ளிச் சிட்டிபாபுவின் மேல் வீசினாள்.

“ஐயோ, சில்லுன்னு இருக்குதும்மா!”

அப்போது புதரை விலக்கிக்கொண்டு பெரியப்பா வந்தார். மூச்சு வாங்கியது. இலையை வெகுநேரம் பார்த்தார்.

“எந்தம்பி இங்கதான் வருவானா?” என்று கேட்டார். அருகிலிருந்த பாறையில் உட்காரப் போனார்.

“பெரியப்பா! அது நைனா உக்கார்ற பாறை,” என்றாள் வள்ளி. “நீங்க பக்கத்துல உக்காருங்க.”

பெரியப்பா நகர்ந்து உட்கார்ந்து, தனக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.