பார்க்கும்வரை எரியும்

மேசையில் கிடந்த ஃபோனில் நேரம் எரிந்துகொண்டிருந்தது. எரிந்திருக்கக் கூடாது.

அது தக்சாயினிக்கு நன்றாகவே தெரியும். யாழ்ப்பாண நகரத்துக் கம்பனியொன்றில் அவளும் கூட்டாளிகளும் எட்டு மாதமாக மாரடித்தது இதற்காகத்தான். எந்நேரமும் எரிகிற திரை பற்றரியைக் குடித்துத் தீர்க்கிறது. ஆகவே யாராவது பார்க்கும்போது மட்டும் அந்த மங்கல் வெளிச்சம் எரியட்டும், கண் விலகியதும் இருண்டுவிடட்டும் என்று செய்தார்கள். சோதனைக்காகத் தன் ஃபோனிலேயே அதைப் போட்டிருந்தாள்.

அவள் குசினியில் சமைத்துவிட்டு இப்போதுதான் வந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. பருத்தித்துறைக் கரையில் காற்று ஓடுகளைப் பெயர்த்துவிடும்போல அடித்தது. யன்னல் இடுக்கால் மழையோடு அழுகிய பாசியின் மணமும் உள்ளே வந்தது. அப்பா நாகலிங்கத்தின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. கிட்ட வந்ததும் ஃபோனில் கோல் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். எடுத்தால் அவள் டோர்ச்சோடு ஓடி, கல்லுகளுக்கு நடுவே வள்ளம் நுழைகிற வழியின் முன்னால் நின்று காட்ட வேண்டும். வழி தவறினால் வள்ளம் கல்லில் ஏறிச் சிதறிவிடும். கரைவிளக்கு அணைந்து கிடந்தது. டோர்ச் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஃபோனில் மிஞ்சியிருந்த சார்ஜைத்தான் அவள் அப்பாவின் உயிர்போலப் பொத்திவைத்திருந்தாள்.

ஐந்து மணிக்கு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் இருந்தது. இப்போது ஆறரை. ஒன்பது.

பதறிப்போய், எத்தனை கண் எவ்வளவு நேரம் பார்த்தது என்று ஃபோன் குறித்துவைக்கும் பதிவைத் திறந்தாள். திரையைப் பார்த்த கண்கள் ஒரு சோடி. எழுபத்தொரு நிமிடம். இமைக்கவே இல்லை.

சுவரில் அம்மாவின் படம் மாலையோடு தொங்கியது. படத்திலிருக்கும் கண்ணை உண்மைக் கண் என்று ஃபோன் நம்பிவிடுவதுண்டு. அந்தப் பிழைக்காக அவள் கம்பனிக் கந்தோரில் பேச்சும் வாங்கியிருக்கிறாள். "குறை நினையாதேங்கோ அம்மா," என்று படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். இலேசாகச் சிரிப்புக்கூட வந்தது.

வெளிச்சம் அணையவில்லை. எட்டு.

அந்த வசதியையே நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை இறுக்கி மூடினாள். இனி இருள வேண்டும். இமைக்கு வெளியே வெளிச்சம் அப்படியே நின்றது.

மடியில் குப்புற வைத்து இரு கைகளாலும் அழுத்தினாள். விளிம்புகளால் வெளிச்சம் கசிந்தது. கீழே அவளுடைய பாவாடை மட்டும்தான். அதற்குள் இருந்து எது பார்க்கிறது?

பாசி மணம் இப்போது வெளியில் இருந்து வரவில்லை. மிகக் கிட்ட வந்தது.

ஐந்து. நான்கு.

"பாக்காதை," என்றாள். பயத்தில் அழுகை வந்துவிட்டது. "என்ரை அப்பா வரோணும். கும்பிட்டுக் கேக்கிறன், பாக்காதை."

திரை இருண்டது.

அவள் ஒருதரம் மட்டும் திருப்பிப் பார்த்தாள். மூன்றோடு நின்றது. மணமும் மெல்ல மெல்ல விலகிப் போனது. சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது.

"பிள்ளை!" காற்றுக்குள் அப்பாவின் குரல். அதில் எவ்வளவு சந்தோசம்! "கண்டிட்டன். அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில். உன்ரை வெளிச்சத்துக்கு நேரை வாறன்."

"அப்பா, நான் வீட்டிலை..."

ஃபோன் செத்துவிட்டது.

டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசல் படலை. மணல். முகத்தில் மழை. வள்ளம் நுழைகிற வழி இடப்பக்கம். வலப்பக்கத்தில், ஆள் நிற்க முடியாத கல்லுகளின் மேல், அலைக்கு நடுவே ஒரு மங்கல் வெளிச்சம். ஃபோன் திரையளவு. ஒரு முகத்தின் உயரத்தில். அசையவே இல்லை.

டோர்ச்சை வீசி வீசிக் காட்டினாள். கத்தினாள். காற்று குரலைத் தின்றது. எஞ்சின் சத்தம் வலப்பக்கம் திரும்பியது.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அது எரிந்துகொண்டே இருந்தது. கடலில் இருந்து அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.