சொட்டாத குழாய்

1936, தை மாதம், சனிக்கிழமை. காலை ஏழு மணி.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போன நஞ்சுண்டக் கவுண்டரைப் பாயில் வைத்துத்தான் வெளியே தூக்கி வந்தார்கள். வெந்நீர் பாய்லர் வெடித்துவிட்டது. முப்பது வயதுகூட நிறையாத மனிதர்.

எட்டே காலுக்கு சப்-இன்ஸ்பெக்டர் சுப்பண்ணன் துடியலூர்த் தோட்டத்தில் சைக்கிளை நிறுத்தினார். அதற்குள் ஊரார் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பண்ணையாள் மாரப்பன் தென்னை மரத்தில் கட்டுண்டு நின்றான், உதடு கிழிந்திருந்தது.

"இவன்தானுங்க. 'பாய்லரு காவு கேக்குது'ன்னு கத்துனான், என் காதுல உழுந்துச்சு. மறுநிமிசம் வெடிச்சுப்போச்சு" என்றார் இறந்தவரின் அண்ணன் செங்கோடன். போன மாதம் மாட்டைத் தவறவிட்டதற்காகத் தம்பி இவனைச் சாட்டையால் அடித்ததையும், அந்தக் கறுவம்தான் இது என்பதையும் அவரே சொல்லி முடித்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சுப்பண்ணன் குளியலறைக்குள் போனார்.

அது செம்புப் பாய்லர். தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகி இறுக்கிவிட வேண்டும். ஆவி போவதற்குப் பக்கத்தில் விரல் பருமனில் ஒரு குழாய். அடுப்பு வாய் மட்டும் சுவருக்கு வெளியே, தோட்டத்துப் பக்கம் இருந்தது. பண்ணையாள் வெளியே நின்று தீ மூட்டுவான்; வீட்டார் உள்ளே குளிப்பார்கள்.

தண்ணீர் போகும் பள்ளத்தில் ஒடிந்த ஆவிக் குழாய் கிடந்தது. அதன் வாயில் மர ஆப்பு அடித்து, மேலே துணி சுற்றி, வெள்ளையாக எதையோ பூசியிருந்தார்கள். கல்லாக இறுகியிருந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே வரும்போது கதவோரம் ஒரு பித்தளை அண்டா இருந்தது. அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

ஒன்பது மணி. அடுப்புப் பக்கம் பாதி எரிந்த விறகுகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. மரத்தில் கட்டியிருந்த மாரப்பனின் இரு உள்ளங்கைகளும் கொப்பளித்திருந்தன.

"விறகை வெளிய இழுத்தது நீயா?"

"நானுங்க."

"எதுக்கு?"

"குழாய் சீறலீங்க. தண்ணி கொதிச்சா சீறோணும், சொட்டோணும், இல்லீன்னா தீயை இழுத்துப்போடுன்னு பாய்லரு மாட்டுன பிட்டரு சொன்னாருங்க. இன்னிக்கு ஊமையாட்டம் இருந்துச்சுங்க. பாய்லரு காவு கேக்குது, வெளிய வாங்கன்னு எசமானைக் கூப்புட்டுக் கத்துனனுங்க."

"இதை ஏன் முன்னாலயே சொல்லலை?"

"ஆரும் கேக்கலீங்க."

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அடிக்க மட்டும் எல்லோருக்கும் கை இருந்திருக்கிறது.

சுப்பண்ணன் குழாய்த் துண்டை எடுத்துச் செங்கோடனிடம் காட்டினார். இவனே அடைத்துவிட்டு நாடகம் ஆடுகிறான் என்றார் செங்கோடன்.

"குழாய் உள்ளே இருக்குதுங்க. இவன் எத்தனை தடவை உங்க ஊட்டுக்குள்ள வந்திருக்கான்?"

"எங்க ஊட்டுக்குள்ளயா? அவனை எப்படிங்க உடுவோம்?" பெருமையாகத்தான் சொன்னார் செங்கோடன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவருக்கே உறைத்தது. அவர் தலை குனிந்தது.

அடைத்தது யார் என்று சுப்பண்ணனுக்கு அப்போதே தெரியும். விழுங்கிவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் பெயர் சொல்லாவிட்டால் இந்த ஊர் மாரப்பனை நாளைக்கு இன்னொரு மரத்தில் கட்டும்.

பத்து மணிக்கு இறந்தவரின் மனைவி ராசாத்தாளைத் தனியே அழைத்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி வெந்நீர்த் தவலை தூக்கக் கூடாதென்றுதான் நஞ்சுண்டன் போன வாரம் கோயமுத்தூர் போய் அந்தப் பாய்லரை வாங்கி வந்தாராம். அண்டாவின் அடியில் ஓட்டையை அடைத்திருந்த சுண்ணாம்பு, வெல்லம், சிவப்புக் கரைத் துணி மூன்றும் குழாயிலும் அப்படியே இருந்தன. சுண்ணாம்பில் வெந்த அவளுடைய விரல்களை அவர் பார்த்தார்.

"நீங்க அடைச்சீங்களா, அம்மணி?"

"நாந்தானுங்க. நேத்து வெள்ளிக்கிழமை, தலைக்குத் தண்ணி ஊத்திப்போட்டுப் பார்த்தேன். சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வெள்ளிக்கிழமை ஊட்டுல தண்ணி சொட்டுனா லட்சுமி தங்கமாட்டாளுங்களே. ஓட்டைன்னு நெனச்சுப்போட்டேன்."

அது ஆவி போகும் வழி என்பதையும், மாரப்பன் சொன்னதையும் சுப்பண்ணன் எடுத்துச் சொன்னதும்தான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து நேராகத் தென்னை மரத்தடிக்குப் போனாள். செங்கோடன் தடுக்கவில்லை. கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தாள்.

"மாரப்பா, அது சொட்டோணும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமுங்க அம்மணி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாரப்பன் வெந்த கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, இறந்தவருக்காக அழுதபடியே சொன்னான்.

"ஊட்டுப் பக்கம் வந்து உங்ககிட்டப் பேசற பாத்தியம் எனக்கு ஏதுங்க அம்மணி?"